கடற்கரை ஓட்டமும் வேளை தப்பிய சங்கும்

டிசம்பர் 19, புதன்

காலையில் நல்ல பனி. எங்கள் சுரங்கக் குடியிருப்பு ஸ்கெலட்டன் லைனில் எதிர் வீடுகூடத் தெரியவில்லை. கேன்வாஸ் ஷூவில் ஓட்டை, தைக்கக் கொடுக்கணும். காலுக்கு விளக்கெண்ணெய். சிவப்புக் குல்லாய் ஓட்டம் நடத்துபவர்களே தருவார்களாம். ஞாயிறன்று மெட்ராஸ் கடற்கரையில் கிறிஸ்துமஸ் ஓட்டம், பதிமூன்று மைல்.

சுரங்கக் கம்பெனி ஸ்போர்ட்ஸ் சார் மறுபடி சொன்னார்: "மொதல்ல வந்தா மேல வேலைடா. டைம் ஆபீஸ்ல ஆஜர் எழுதறது. ரெண்டாவது வந்தா கை தட்டுவேன், அவ்ளோதான்."

மேல வேலை! வெயிலைப் பார்த்துக்கொண்டே சம்பளம். ஜூலையில் சுரங்கத்தில் பாறை வெடித்து, என் பக்கத்தில் டிரில் பிடித்திருந்த அற்புதம் போனான். அன்றிலிருந்து கீழே இறக்கும் கேஜில் கால் வைத்தாலே பல் கிட்டுகிறது. யாருக்கும் தெரியாது. என் சம்சாரம் சரோஜாவிடமும் சொல்லவில்லை. இன்னும் ஒரு வருஷம் கீழே இறங்க என்னால் ஆகாது. ஆகவே ஆகாது.

20, வியாழன்

லீவு, ஸ்போ. சார் தயவு. ஓடிப் பழகப் பேத்தமங்களா ரோட்டில் பாதி தூரம் போயிருப்பேன், சுரங்கத்துச் சங்கு. ஷிஃப்ட் மாறும் வேளை இல்லை. அப்படி ஊதினால் கீழே விபத்து என்று அர்த்தம். திரும்பி ஓட்டம். இப்படி ஒரு நாளும் ஓடியதில்லை. லைன் ஜனமே சுரங்கத்து ஷாஃப்ட் வாசலில். சரோ மாவுக் கையோடு, செருப்பில்லாமல்.

சின்னச் சரிவுதான். யாருக்கும் ஒன்றுமில்லை.

"நீ லீவுன்றதே மறந்துட்டேன் மாமா" என்று முதுகில் ஒன்று போட்டாள். "சோறு அடுப்புலயே கீது." தீய்ந்த சோறு. நன்றாகத்தான் இருந்தது.

22, சனி

பங்காருபேட்டையில் மெட்ராஸ் ரயிலுக்கு மாற்றம். ஜன்னலோரம் கிடைக்கவில்லை.

"மேடு பள்ளமே கிடையாதுடா. தூங்கிக்கினே ஓடலாம்" என்றார் ஸ்போ. சார். சாயங்காலம் கடல். முதல் தடவை. பேத்தமங்களா ஏரிக்காவது அக்கரை உண்டு. புத்தா, இந்த ஒரு தடவை ஜெயிக்க வை.

23, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

பஞ்சுத் தாடி வைத்த கிறிஸ்துமஸ் தாத்தா விசில் ஊதினார். பேண்டு வாத்தியம். புழுக்கத்தில் மற்றவர்கள் துவண்டார்கள். கீழே வெந்து பழகிய எனக்கு அது ஒன்றுமே இல்லை. பாதிக்கு மேல் நான்தான் முன்னால். பின்னால் காலடிச் சத்தம்கூட இல்லை. டைம் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தே விட்டேன்.

துறைமுகம் பக்கம் சங்கு ஊதியது. கப்பலோ மில்லோ, தெரியாது. திரும்பிவிட்டேன். வந்த வழியே, உயிரைக் கொடுத்து ஓடினேன். எதிரே வந்தவன் சிரித்தான்: "இன்னா நைனா, ஊட்ல எதுனா மறந்துட்டியா?"

ஸ்போ. சார் சைக்கிளில் வந்து கத்தினார். "டேய்! அந்தப் பக்கம்டா! அந்தப் பக்கம்!"

அப்புறம்தான் கடல் கண்ணில் பட்டது. இது நம் ஊர் இல்லை.

ரெண்டாவது. ஸ்போ. சார் கை தட்டினார். சொன்ன சொல் தவறாத மனுஷர். பாவி, பாவி, பாவி நான்.

24, திங்கள்

வீடு. லைனில் பாதி வீட்டு வாசலில் காகித நட்சத்திரம். சரோவிடம் எல்லாம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"எந்தப் பக்கம் ஓடினே மாமா?"

"வந்த பக்கம்தான். ஷாஃப்ட் எங்க இருக்குதுன்னு தெரியலயே."

குல்லாயை வாங்கி மடித்து வைத்தாள். கேஜ், பல் கிட்டுவது, அதையும் சொல்லிவிட்டேன்.

"தெரியும். ஜூலைலேர்ந்து தூக்கத்துல பல்லைக் கடிக்கிறே."

தெரிந்தே தினமும் டிபன் கேரியர் கட்டிக் கொடுத்திருக்கிறாள். வேறு என்ன செய்வாள்.

26, புதன்

பனி. முதல் ஷிஃப்ட். அடுத்த வருஷம் பார்ப்போம் என்கிறார் ஸ்போ. சார். டிபன் கட்டியாச்சு. இன்று சுரங்க கேட் வரைக்கும் கூட வருகிறாளாம். வேண்டாம் என்றால் கேட்கவில்லை.

சங்கு. ஷிஃப்ட் சங்குதான். சரோ அதற்குள் செருப்பில்லாமல் வாசலுக்கு ஓடிவிட்டாள்.