கொம்மாந்தானுக்கு வைத்த கல்யாணப் பத்திரிகை

அன்புள்ள அண்ணி,

இன்று காலை வங்கிக்குப் போயிருந்தேன். வீடு மாறியதால் புது முகவரியைப் பதிய வேண்டியிருந்தது. "ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க பாட்டி" என்று கவுண்டரில் இருந்த பெண் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினாள். பக்கத்தில் என் வயதுக்காரர் ஒருவர், அதே மாதிரித் தாளை வைத்துக்கொண்டு எங்கே தொடங்குவது என்று தெரியாமல் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார். நான் நின்ற நிலையிலேயே ஏழு வரி எழுதிக் கொடுத்தேன். அந்தப் பெண் படித்துவிட்டு, "கேக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல, எல்லாம் இருக்கு" என்றாள். வெளியே வந்து ரிக்‌ஷாவில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உங்களை நினைத்துத்தான்.

பிரெஞ்சுக்காரர்களின் மூவர்ணம் இறங்கி, நம்முடைய மூவர்ணம் ஏறி நான்கு வருடம் ஆகியிருந்தது. நீங்கள் அரியாங்குப்பத்திலிருந்து எங்கள் முத்தியால்பேட்டை வீட்டுக்கு மருமகளாக வந்து இரண்டு வருடம். அண்ணன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா. சிப்பாயை நம் ஊரில் அப்படித்தானே சொல்வோம். கல்யாணம் முடிந்த எட்டாம் மாதம் கப்பல் ஏறியவர், மர்செய் பக்கத்தில் ஏதோ ஒரு முகாமில் இருந்தார். அந்த ஆவணியில்தான் எனக்கு மாப்பிள்ளை அமைந்தது. கருவடிக்குப்பத்துப் பையன், பள்ளி வாத்தியார். தை மாதம் முகூர்த்தம்.

கல்யாணச் செய்தியை எழுதியதற்கு அண்ணனிடமிருந்து பதில் வந்தது. பட்டாளத்து அலுவலகத்தில் லீவு கேட்டாராம், அடுத்த கோடைக்குத்தான் என்று சொல்லிவிட்டார்களாம். அப்பா ஆலையிலிருந்து வந்த அழுக்குச் சட்டையோடு அந்தக் கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டு முடித்து, "சரி, பொரி போட உன் பெரியப்பா மகனைக் கூப்பிட்டுக்கலாம்" என்றார். நான் எழுந்து கிணற்றடிக்குப் போனேன். அக்கினி வலம் வரும்போது என் கையில் பொரி போட அண்ணன் இல்லாத கல்யாணத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

நீங்கள் பின்னாலேயே வந்தீர்கள். "அழுவாத பாப்பா. அவருக்கு மேல ஒருத்தர் இருப்பாரு இல்ல? அவருக்கு நாம எழுதலாம்."

"கொம்மாந்தானுக்கா? அவ்ளோ பெரிய அதிகாரிக்கு நாமளா?"

"நீ கான்வென்ட் சிஸ்டருங்ககிட்ட எட்டு வருசம் பிரெஞ்சு படிச்சது எதுக்கு? மீன்காரிகிட்டப் பேசவா?"

முதல் கடிதத்தை நான் தனியாகவே எழுதினேன். மூன்று பக்கம். எழுதும்போதே எனக்குக் கண்ணீர் வந்தது, அதனால் நன்றாகத்தான் எழுதியிருப்பேன் என்று நம்பினேன். நீங்கள் உலையில் அரிசியைப் போட்டுவிட்டு வந்து, "தமிழ்ல சொல்லு" என்றீர்கள். படித்துக்கொண்டே வந்தேன். தாயார் படுத்த படுக்கையாய் இருக்கிறார் என்ற வரியில் கையை நீட்டி நிறுத்தினீர்கள்.

"யாரு படுத்த படுக்கை? அத்தையா? இன்னிக்குக் காலையில கூட மாவு சரியா ஆட்டலன்னு என்னை விரட்டினாங்களே!"

"உருக்கமா எழுதினாத்தானே அண்ணி மனசு இறங்கும்?"

"அந்த ஆளு உங்க அண்ணனைக் கூப்பிட்டு, அம்மாவுக்கு எப்படிடா இருக்குன்னு கேப்பாரு. உங்க அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது. முழிப்பாரு. அதோட போச்சு லீவு."

மூன்று பக்கமும் அடுப்புக்குப் போயின. எனக்குக் கோபம். ஆனால் மறுநாள் உங்களோடுதான் அடுத்த தெருவுக்குக் கிளம்பினேன். அங்கே பென்ஷன் வாங்கும் ஒரு பழைய சொல்தா இருந்தார். காலையிலேயே தொப்பி வைத்துக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அவர்தான் ஒழுங்கு சொன்னார். இடப்பக்கம் மேலே எழுதுகிறவர் பெயர், முகவரி. வலப்பக்கம் ஊர், தேதி, யாருக்கு என்பது. அதன் கீழே விஷயம் ஒரே வரியில். அண்ணனின் பட்டாள எண் கட்டாயம் வேண்டும். "ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. ரெண்டாம் பக்கத்தைக் கொம்மாந்தான் திருப்பவே மாட்டாரு" என்றார்.

முடிவில் எழுத வேண்டிய மரியாதை வாசகத்தையும் அவரே ஏற்ற இறக்கத்தோடு ஒப்பித்தார். எனது மிக உயர்ந்த மதிப்புணர்வின் வெளிப்பாட்டைத் தாங்கள் கருணையோடு ஏற்றருள வேண்டுகிறேன் என்று நான் உங்களுக்குத் தமிழில் சொன்னேன்.

"கேக்கறது ரெண்டு வரி, கும்பிடு நாலு வரியா?" என்று நீங்கள் சிரித்ததில் அவருடைய மீசைகூட அசைந்தது.

பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணும்மா. பொம்பளைங்க எழுதினா அங்க எடுக்க மாட்டாங்க. மாமனார் பேர்ல எழுது."

"மாமாவுக்கு மகன் வரணும்னு ஆசைதான். ஆனா வரணும்னு பிடிவாதம் பிடிக்கறது நான். நான்தான் கேப்பேன்" என்றீர்கள்.

அன்று மதியம் முழுவதும் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து எழுதினோம். எத்தனை நாள் லீவு கேட்பது? ஒரு மாதம் என்று நான் எழுதப் போனேன். "வர மூணு வாரம், போக மூணு வாரம். கப்பல் நாளைச் சேத்துக் கேளு. இல்லன்னா லீவெல்லாம் கடல்லயே கழிஞ்சிடும்" என்றீர்கள். விரல் விட்டு எண்ணி எழுபது நாள் என்று முடிவு செய்தோம். எந்தத் தேதியில் முகூர்த்தம், அதில் அண்ணனுக்கு என்ன வேலை, அதை ஏன் வேறொருவர் செய்தால் போதாது, எல்லாம் ஐந்து வரியில் அடங்கின. பொரி போடும் வழக்கத்தைப் பிரெஞ்சில் விளக்க நான் பட்ட பாடு இன்னும் நினைவிருக்கிறது. பொரிக்கு என்ன சொல் என்று சிஸ்டர்கள் சொல்லித்தரவில்லை. வெடித்த அரிசி என்று எழுதினேன்.

அத்தாட்சியாக எதையாவது சேர்த்து வைக்கலாம் என்று தோன்றியது. அப்பா, "அஞ்சு மாசம் முன்னாடி யாரு பத்திரிகை அடிப்பாங்க?" என்றார். அதனால் கையாலேயே எழுதினோம். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் பிரெஞ்சு. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினீர்கள். மடிக்கப் போகும்போது, "இரு, ஒண்ணு விட்டுப்போச்சு" என்றீர்கள்.

"என்ன?"

"குடும்பத்தோட அவசியம் வந்து வாழ்த்தணும்னு எழுது."

"அண்ணி! கொம்மாந்தானைக் கல்யாணத்துக்குக் கூப்பிடறதா?"

"பத்திரிகையை வெச்சுட்டு வாங்கன்னு சொல்லாம வர்றது மரியாதையா? நாலு வரி கும்பிடு போடத் தெரியுது, ஒரு வார்த்தை வாங்கன்னு சொல்லக் கூடாதா?"

எழுதினேன். கீழே நீங்கள் தமிழில் கையெழுத்துப் போட்டீர்கள். பழைய சொல்தாவிடம் காட்டியபோது அந்தக் கடைசி வரியைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "போச்சு" என்ற ஒரே வார்த்தைதான் சொன்னார்.

தபால்பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பும் வழியெல்லாம் எனக்குப் பயம். அண்ணனைத் தண்டித்துவிட்டால்? புரட்டாசி போயிற்று. தீபாவளியும் போயிற்று. நீங்கள் மட்டும் ஒரு நாளும் வாடவில்லை. அண்ணன் படுக்கும் மெத்தையை எடுத்து வெயிலில் போட்டு அடித்தீர்கள். அம்மா பார்த்துவிட்டு, "பதிலே வரல, அதுக்குள்ள என்னடி?" என்றார். "வந்தப்புறம் மழை வந்துட்டா காயாது அத்தை" என்றீர்கள்.

ஒரு பகலில் தபால்காரர் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பெயருக்கு முன்னால் மதாம், அதாவது திருமதி, என்று தட்டச்சு செய்திருந்தது. ஒரே பக்கம். எழுபது நாள் லீவு அளிக்கப்படுகிறது. தம்மால் வர இயலாதது குறித்துக் கொம்மாந்தானும் அவர் மனைவியும் வருந்துகிறார்கள், மணமக்களை வாழ்த்துகிறார்கள். நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அம்மா சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். நீங்கள் என் கையைப் பிடித்து, "மதாம்னு போட்டிருக்கே, அதை இன்னொரு வாட்டி படி" என்றீர்கள். நான்கு வாட்டி படித்தேன். பிறகு திடீரென்று முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு அழுதீர்கள். இரண்டு வருடத்தில் அன்றுதான் நீங்கள் அழுது பார்த்தேன்.

அண்ணன் நலங்குக்கு முந்தின நாள் மாலை வந்து இறங்கினார். தகரப்பெட்டியை வைத்த கையோடு, "யாரு அந்தக் கடுதாசி எழுதினது?" என்றார். கொம்மாந்தான் கூப்பிட்டதும் ஏதோ தப்பு நடந்துவிட்டதென்று நடுங்கிப் போய் நின்றாராம். அவரோ மஞ்சள் தடவிய பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, "இது என்ன, வெடித்த அரிசி?" என்று கேட்டாராம். அண்ணன் கால்மணி நேரம் விளக்கம் சொல்லிவிட்டு வந்தாராம். "உன் மனைவிக்குக் கேட்கத் தெரிகிறது, உனக்குத் தெரியவில்லை என்று சொல்லி அனுப்பினாரு" என்று அண்ணன் சொன்னதும் அப்பா சிரித்த சிரிப்பை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. மூன்றாம் நாள் அண்ணன் என் கை நிறையப் பொரி போட்டார். பாதி கீழே சிந்தியது. நீங்கள் பின்னால் நின்று, "மெதுவா, மெதுவா" என்றீர்கள்.

எனக்குத் திருமணமாகி இரண்டு வருடம் கழித்து, ஒரு பள்ளியில் பிரெஞ்சு ஆசிரியை வேலை காலியாக இருப்பதாகக் கேள்விப்பட்டேன். மாமியார் வீட்டில் அதுவரை யாரும் வேலைக்குப் போனதில்லை. நான் யாரிடமும் கேட்காமல், உங்களிடம்கூடச் சொல்லாமல், விண்ணப்பம் எழுதிப் போட்டுவிட்டேன். உத்தரவு வந்த பிறகுதான் என் வீட்டுக்காரரான வாத்தியாரிடம் காட்டினேன். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, "எப்போ சேரணும்?" என்று மட்டும் கேட்டார். அடுத்து உங்களிடம் ஓடி வந்தேன்.

"என்னைக் கேக்காமயே எழுதிட்டியா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டீர்கள். அரை நிமிடம்கூட உங்களால் அப்படி இருக்க முடியவில்லை. தாளைப் பிடுங்கிக்கொண்டு தெருவில் நான்கு வீட்டுக்குக் காட்டிவிட்டு வந்தீர்கள்.

அந்த வேலையில் முப்பத்தோரு வருடம் இருந்தேன், அண்ணி. போன மாதம் பிரான்சிலிருந்து உங்கள் மகன் தொலைபேசியில் நீங்கள் போய்விட்ட செய்தியைச் சொன்னபோது அழுதேன். ஆனால் உங்களை நினைத்து வெகுநேரம் அழ முடியவில்லை, உடனே உங்கள் குரல் வந்துவிடுகிறது. யார் முன்னால் போய் நின்றாலும் எனக்கு வேண்டியதை நானே வாய் திறந்து கேட்கிறேன். இல்லை என்று சொன்னால் திரும்பி வருகிறேன், மறுபடியும் போகிறேன். கிணற்றடியில் அழுதுகொண்டிருந்த பெண் அன்றைக்கே எழுந்து வந்துவிட்டாள். இன்னும் அவள் உட்காரவில்லை.

உங்கள்
பாப்பா