சந்தனப் பொட்டுக்கு அடியில் எரிந்த லைட்

உமா,

நீ கோயிலிலிருந்து வரும்வரை நிற்க முடியவில்லை, குலசை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். வேன் சாவி அரிசி டப்பா மேல் இருக்கிறது. மாவு லோடு ஏற்றிக்கொண்டு தைரியமாகப் போ. டேஷ்போர்டில் எரிந்த மஞ்சள் இஞ்சின் லைட் அணைந்துவிட்டது.

விடிந்ததும் ராஜதுரை அண்ணாச்சி ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். ஒரு சென்சார் ஒயரைக் கழற்றினார். ப்ளக் முழுக்கப் பச்சைக் களிம்பு. "இஞ்சினுக்குள்ள தண்ணி ஓஸைப் பிடிச்சது யாரு வே?" என்று கேட்டார். நான் டீ சொல்லப் போவதுபோல் வெளியே வந்துவிட்டேன். திரும்பிப் போனபோது ப்ளக்கைத் துடைத்து மாட்டி லைட்டை அணைத்திருந்தார்.

ஆயுத பூசைக்கு நான் வேனைக் கழுவும்போதே "உள்ள பிடிக்காதிய" என்று நீ சொன்னாய். மறுநாளே லைட் எரிந்திருக்கும். பழைய வண்டியை அவ்வளவு ஆசையாகக் கழுவினவனிடம் சொல்ல மனம் வராமல் அதன் மேலே சந்தனப் பொட்டு வைத்திருக்கிறாய். நேற்று பொட்டு உதிர்ந்து லைட் தெரிந்ததும், "மறைச்சு வச்சிட்டா ஓட்டுத, அறிவிருக்கா" என்று தெருவே கேட்கக் கத்தினேன். நீ சாவியை வைத்துவிட்டு உள்ளே போனாய்.

மஞ்சள் லைட் மறுபடி வந்தால் மெதுவாக அண்ணாச்சியிடம் ஓட்டிப் போ. சிவப்பாக ஆயில் கேன் படம் வந்தால் அங்கேயே ஓரம்கட்டி ஆஃப் செய்துவிட்டு எனக்கு போன் போடு.

சாளை மீன் குழம்பைச் சுடவைத்திருக்கிறேன். ராத்திரியும் நீ சாப்பிடவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போ.

பிரகாஷ்

பி.கு: இனி என்னால் வந்த கோளாறு என்றாலும் என்னிடம் சொல்.

இன்னொன்று. அடுத்த ஆயுத பூசைக்கு வண்டியை நீ கழுவு. பொட்டு நான் வைக்கிறேன்.