வளரும் வீடு

ஜூன் 3

அன்புள்ள தையல்காரருக்கு,

நலம். வெள்ளைக் கோட்டு வந்து சேர்ந்தது. நான் தனியாக வந்து ஆறு வருஷமாகியும், ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் போட்டுக்கொள்ள வருஷம் தவறாமல் ஒன்று அனுப்பிவிடுகிறீர்கள். கட்டிய பாவத்துக்கு என்று வைத்துக்கொள்கிறேன். ஆனால் இதை யார் அளவுக்குத் தைத்தீர்கள்? கை சரியாக இருக்கிறது. முன்பக்கம் தொங்குகிறது, பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. கடைக்கு உயரமான பெண் யாரோ வந்து போகிறாள் போலும்.

இங்கே ஒரு விசித்திரம். என் வீடு வளர்கிறது. சமையலறை மேல்தட்டு எட்டவில்லை. குளியலறைக் கண்ணாடியில் என் நெற்றியும் கண்ணும்தான் தெரிகின்றன. விடிகாலை அரைத்தூக்கத்தில் சுவர்கள் மெல்ல மேலேறுவதைப் பார்த்துக்கொண்டே கிடப்பேன். கூரை வெகுதூரம் போய் வெளுத்துவிடும். பயமில்லை, சுகமாகத்தான் இருக்கிறது.

கோட்டுக்காரி

ஜூன் 11

ரத்தக்காட்டேரி அம்மாளுக்கு,

உயரமான பெண் யாரும் இல்லை. கல்யாணமான வருஷம் உன் அளவைக் காகிதத்தில் வெட்டி ஆணியில் மாட்டினேன். இன்றுவரை அதை வைத்துத்தான் துணி வெட்டுகிறேன்.

கை சரியாக இருந்து, முன்னால் தொங்கி, பின்னால் தூக்கினால் தப்பு கோட்டில் இல்லை. முதுகு வளைந்திருக்கிறது. மாதவிலக்கு நின்றபின் எலும்பு தேயும் என்று என் வாடிக்கைக்காரம்மா ஒருவர் சொல்வார். பிறகு ஒருநாள் தண்ணீர் வாளியைத் தூக்கியவர், முதுகெலும்பு நொறுங்கிப் படுத்துவிட்டார்.

வீடு வளராது. டாக்டரிடம் போ.

தையல்காரன்

ஜூன் 20

தையல்காரருக்கு,

நானா வளைந்துவிட்டேன்? தினம் நாற்பது பேர் ரத்தத்தைப் பார்க்கிறவள் நான். நேற்று என் கையில் நானே ஊசி குத்தி, கால்சியம் எவ்வளவு என்று பார்த்தேன். கச்சிதமாக இருக்கிறது. நீங்கள் ஊசிநூலைப் பாருங்கள், எலும்பை எங்களிடம் விட்டுவிடுங்கள்.

போனில் ‘ம்’ என்பதைத் தவிர உங்களிடமிருந்து ஒரு வார்த்தை வராது. வீட்டிலும் தையல் மெஷின் சத்தம்தான் கேட்டது. அது தாங்காமல்தானே வந்தேன். என் முதுகு வளைந்தது என்றதும் ஒரு பக்கம் எழுத வருகிறதாக்கும்.

கோட்டுக்காரி

ஜூலை 15

அன்புள்ள தையல்காரருக்கு,

பதில் போடவில்லை. கோபம்தான், தெரிகிறது.

நீங்கள் சொன்னதே சரி. போன மாதக் கடைசியில் இறுகிப்போன ஜன்னலைப் பிடித்து இழுத்தேன். முதுகில் சடக்கென்று ஒரு வலி, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, “உயரத்துல நாலு சென்டிமீட்டர் குறைஞ்சிருக்கீங்கம்மா. ரத்தத்துல கால்சியம் சரியாத்தான் இருக்கும். அதைக் குறையவிடாம இருக்கத்தான் உடம்பு எலும்புலேர்ந்து உருவிக்குது” என்றார். இத்தனை வருஷம் அந்த வேலை பார்த்தவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

வாரம் ஒரு மாத்திரை. வெள்ளிக்கிழமை எழுந்ததும் வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் தண்ணீரோடு விழுங்கவேண்டும். அதன்பின் அரை மணி நேரம் படுக்கவே கூடாது, படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகிவிடும். போன வெள்ளிக்கிழமை உட்கார்ந்தபடியே கண் சொக்கிச் சரிந்துவிட்டேன். சுவர்கள் வளர ஆரம்பித்தன, எவ்வளவு நிம்மதி. விழித்தால் நெஞ்செல்லாம் எரிச்சல்.

மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று இருக்கிறது. தனியாக இருப்பவளை யார் நிமிர்த்தி உட்காரவைப்பது? அந்தத் தூக்கத்தையாவது வைத்துக்கொள்கிறேன். இதற்கும் நீங்கள் எழுதாவிட்டால் பரவாயில்லை.

கோட்டுக்காரி

ஜூலை 21

அன்புள்ள உனக்கு,

கோபம் இல்லை. எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

மாத்திரையை நிறுத்தாதே. வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். நான் வரும்வரை எதுவும் சாப்பிடாதே. நான் கதவைத் தட்டியதும் மாத்திரையைப் போடு. எதிரில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பேன், தூங்கவிடமாட்டேன்.

அரை மணி நேரம் பேச என்னிடம் என்ன இருக்கிறது என்று பயமாக இருந்தது. ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். நீ பெட்டியோடு வாசலில் நின்ற அன்று நான் ஏன் தலை நிமிரவில்லை, மெஷினை ஏன் நிறுத்தவில்லை என்பது முதல் விஷயம். அது ஒன்றுக்கே அரை மணி போதாது. தாள் இரண்டு பக்கமும் நிறைந்துவிட்டது.

இந்த மாத்திரையை எத்தனை வருஷம் சாப்பிடவேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு வை.

தையல்காரன்