உன் அம்மாவுக்காக நான் சொன்ன ஆமாம்

கழுகுமலை,
3.3.2002

அன்பு மகள் முத்துச்செல்விக்கு அப்பா சுந்தரபாண்டி எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் புனேயில் நோய்நொடி இல்லாமல் இருக்கக் கழுகாசலமூர்த்தி துணையிருக்க வேண்டும். இங்கே நாங்கள் இருவரும் சுகம் என்று ஒரே மூச்சில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவதுதான் என் வழக்கம், இந்தத் தடவை நான் சுகம், உன் அம்மா முக்கால் சுகம் என்று எழுதுகிறேன். பதறாதே, கடைசிவரை படி. போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் சீனியின் எஸ்.டி.டி. பூத்தில் கதவுக் கண்ணாடி உடைந்து ஆறு மாதம் ஆகிறது, உள்ளே நான் ஏதாவது விட்டுவிட்டுச் சொன்னால் வெளியே பெஞ்சில் இருக்கிறவர்கள் எடுத்துக் கொடுக்கிறார்கள். அங்கே நின்று சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது. மற்றபடி ஐப்பசி மழை ஏய்த்தாலும் கார்த்திகையில் பெய்ததில் உளுந்து தேறிவிட்டது, பருத்தி இரண்டாம் எடுப்பு நடக்கிறது, மிளகாய் பழுக்கத் தொடங்கியிருக்கிறது, எடுப்புக்கு ஆள்தான் கிடைக்கவில்லை, எல்லோரும் தீப்பெட்டி ஆபீஸ் வேனில் ஏறிப் போய்விடுகிறார்கள்.

போன மாதம் நீ போனில் சொன்னாயே, கோவில்பட்டியில் ஏதோ உடல்நலக் கண்காட்சி போடுகிறார்களாம், அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள் என்று, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். எட்டயபுரம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் மூன்று நாள் போட்டிருந்தார்கள். சனிக்கிழமை நான் மட்டும் போனேன். உரக்கடை கிருஷ்ணராஜ் அண்ணாச்சியும் வந்திருந்தார். வாசலிலேயே ஆளுக்கொரு துணிப்பையும் தொப்பியும் கொடுத்தார்கள், அதிலிருந்தே எங்களுக்குப் புத்தி மாறிவிட்டது, எந்த ஸ்டாலில் என்ன சும்மா தருகிறான் என்று பார்ப்பதிலேயே ஒரு மணி நேரம் போனது. ஒரு பையன் நின்ற இடத்திலேயே நடக்கிற மெஷினில் வேர்க்க விறுவிறுக்க நடந்துகொண்டிருந்தான், தினம் வீட்டுக்கும் காட்டுக்கும் மூன்று மைல் நடக்கிற நான் அதை வாயைப் பிளந்து வேடிக்கை பார்த்தேன். அண்ணாச்சி வயிற்றைக் குலுக்குகிற பெல்ட் ஒன்றை வாங்கிவிட்டார். உங்கள் வீட்டில் மாப்பிள்ளை வாங்கிய சைக்கிள் மெஷினில் துணி காய்கிறது என்று எழுதியிருந்தாயே, அந்தக் கதையை அவரிடம் சொன்னேன், சிரித்தார், ஆனாலும் வாங்கினார். நான் மட்டும் பெரிய சமர்த்தா என்ன. பருத்தி போடுமுன் நாலு கமிஷன் கடையில் விலை கேட்கிற பழக்கத்தில் மூன்று ஸ்டாலில் பிரஷர் பார்த்தேன், மூன்றிலும் மூன்று கணக்குச் சொன்னார்கள், உள்ளதில் குறைந்த சீட்டை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் கிழித்துப் போட்டுவிட்டு, எனக்கு ஒன்றுமில்லை என்று வீட்டில் வந்து சொன்னேன். இந்த லட்சணத்தில்தான் மறுநாள் உன் அம்மாவைக் கூட்டிப் போனேன்.

வரமாட்டேன் என்று காலையிலிருந்து முரண்டு பிடித்தாள். "எனக்கு என்ன செய்யுது, சும்மா கிடங்க, பருத்தி எடுக்க ஆள் வருது" என்றாள். நீ சொன்னாய் என்று சொன்ன பிறகுதான் சேலை மாற்றினாள். சீக்கிரமே போனதால் கூட்டம் இல்லை, டாக்டர்கள் வெறுமனே உட்கார்ந்திருந்தார்கள், நின்று பேச நேரம் இருந்தது. முதலில் விரலில் குத்தி ரத்தம் எடுத்து சர்க்கரை முந்நூற்றுப் பதினாறு என்றார்கள். அந்தப் பையன் இரண்டு தடவை மெஷினைத் தட்டிப் பார்த்துவிட்டு, பாதம் பார்க்கிற ஸ்டாலுக்கு எங்களை அனுப்பினான். அங்கே திருநெல்வேலியிலிருந்து வந்த ஒரு டாக்டரம்மா, உன் வயதுதான் இருக்கும். வயசு என்ன என்று உன் அம்மாவைக் கேட்டார், நான் சொன்னேன். தாகம் எடுக்கிறதா என்றார், நான் இல்லை என்றேன். கால் மரத்துப் போகிறதா என்றார், அதெல்லாம் கிடையாது, நாள் முழுக்கக் காட்டில் நிற்கிறவள் என்றேன். பிறகு அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, தூண்டில் நரம்பு மாதிரி ஒரு மெல்லிய இழையை எடுத்து உள்ளங்காலில் ஒவ்வொரு இடமாகத் தொட்டார், தொடுவது தெரிந்தால் ஆமா என்று சொல்லுங்கள் என்றார். கட்டைவிரலில் தொட்டார். இவள் வாயைத் திறக்கவில்லை. கூச்சப்படுகிறாள் போல என்று நினைத்து நான் ஆமா என்று சொன்னேன். குதிகாலில் தொட்டார், அதற்கும் நானே ஆமா என்றேன்.

டாக்டரம்மா இழையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஐயா, நான் தொடுறது அம்மா காலை. அது உங்களுக்கு எப்படித் தெரியுது?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. கொஞ்சம் திரும்பி நில்லுங்கள் என்றார். நான் முதுகைக் காட்டிக்கொண்டு எதிர் ஸ்டாலில் அடுக்கியிருந்த சத்துமாவு டப்பாக்களைப் பார்த்தபடி நின்றேன். உன் அம்மா இப்போது சொல்லுவாள், இப்போது சொல்லுவாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். பத்து இடத்தில் தொட்டாராம். ஒரு தடவைகூடச் சத்தம் வரவில்லை. முத்துச்செல்வி, எத்தனையோ கோடை மழை பொய்த்ததைப் பார்த்திருக்கிறேன், அந்த ஐந்து நிமிடம் மாதிரி ஒரு காத்திருப்பு எனக்கு இருந்ததில்லை. அப்புறம் என்னை இன்னும் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு அவளிடம் தனியாகக் கேட்டிருக்கிறார். முப்பத்திரண்டு வருஷத்தில் என்னிடம் பேசாத பேச்சையெல்லாம் அந்த அரை மணி நேரத்தில் பேசியிருக்கிறாள். இரண்டு வருஷமாகப் பஞ்சு மேல் நடக்கிற மாதிரிதான் இருக்கிறதாம். செருப்பு கழன்று விழுந்தால்கூடத் தெரியாதாம். ஏன் வீட்டில் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "அவியகிட்டச் சொன்னா வெள்ளாமையைப் போட்டுட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைவாவ" என்றாளாம்.

வலதுகாலில் மெட்டி கிடக்கிற விரலுக்கு அடியில் புண் இருக்கிறது. வெளியே தெரியாமல் மெட்டி மறைத்திருக்கிறது. மஞ்சள் வைத்து மஞ்சள் வைத்து யாருக்கும் காட்டாமல் இருந்திருக்கிறாள், வலி இல்லாததால் ஆறிக்கொண்டு வருகிறது என்று நினைத்தாளாம். வலி இல்லாததுதான் கெடுதி என்று டாக்டரம்மா எனக்கு விளக்கினார். மெட்டியை உடனே கழற்ற வேண்டும், தினம் புண்ணைச் சுத்தம் செய்து கட்ட வேண்டும், உள்ளங்காலை யாராவது தினமும் பார்க்க வேண்டும், வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது, பத்து நாளில் ஆறவில்லையென்றால் திருநெல்வேலிக்கு வந்துவிடுங்கள், அசட்டையாக இருந்தால் முதலில் விரல் போகும், அப்புறம் பாதம் என்று ஒளிக்காமல் சொன்னார். எல்லாவற்றையும் அவர் கொடுத்த நோட்டீஸின் பின்பக்கத்தில் எழுதி வாங்கிக்கொண்டேன். அன்றைக்கு அந்த மண்டபத்திலிருந்து நான் கொண்டுவந்த உருப்படியான பொருள் அந்த ஒரு தாள்தான். திங்கட்கிழமையே பெரியாஸ்பத்திரியில் காட்டி மாத்திரை தொடங்கிவிட்டோம், தவறாமல் போடுகிறாள்.

ஆனால் மெட்டியைக் கழற்ற மாட்டேன் என்கிறாள். இன்றோடு ஏழு நாள் ஆகிறது. "நீங்க கல்லுகணக்கா இருக்கையில நான் எதுக்கு மெட்டியக் கழட்டணும்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். சரி, காலையாவது காட்டு, நான் பார்க்கிறேன் என்றால் அதற்கும் வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொள்கிறாள், புருஷன் தன் காலைத் தொட்டால் அவளுக்குப் பாவமாம். கல்யாணத்தன்று அம்மி மேல் உன் காலைத் தூக்கி வைத்து நான்தானே இதைப் போட்டேன், அப்போது வராத பாவம் இப்போது எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். அது சாமி முன்னால் நடந்தது என்கிறாள். அவளுக்குக் குனிந்து தன் உள்ளங்காலைப் பார்க்க முடியவில்லை, கண்ணாடி வைத்துப் பார்க்கப் பார்வையும் பத்தாது, ஆனாலும் தினம் நானே பார்த்துக்கொண்டேன் என்று பொய் சொல்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது அம்மா. வாய்விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது. நீ ஒரு வரி எழுது. நான் சொன்னால் கேட்காதவள் நீ சொன்னால் கேட்பாள்.

5.3.2002

ஒட்டாமல் வைத்திருந்தேன், மேலே கொஞ்சம் எழுதுகிறேன். நேற்று மத்தியானம் உன் அம்மா, பிள்ளைக்கு என்ன எழுதியிருக்கீங்க, வாசிங்க என்றாள். ஒரு வரி விடாமல் வாசித்தேன். ஆமா ஆமா என்று நான் சொன்ன இடம் வந்ததும், "அதைப் போய் எதுக்கு எழுதுனீங்க, பிள்ளை உங்கள என்ன நினைப்பா" என்று என் மேல் கோபப்பட்டாள். நினைக்கட்டும் என்றேன். எனக்குப் பயமாக இருக்கிறது என்று எழுதியதை, எழுதியிருந்தபடியே இரண்டு தடவை வாசித்தேன். பிறகு அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், சாமி படம் இருக்கிற பக்கம் ஒரு தடவை பார்த்தாள், வலதுகாலை நீட்டினாள். "தட்டான் கை பட வேண்டாம். போட்ட நீங்களே கழட்டுங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கீழே உட்கார்ந்து காலை மடியில் வைத்து, விரலைச் சுற்றித் தேங்காயெண்ணெய் விட்டு, திருகித் திருகி எடுத்தேன், ஒரு இடத்தில் இடறி லேசாக ரத்தம்கூட வந்தது. அவள் கண்ணைத் திறக்காமலே, "வெடுக்குனு இழுத்துராதீங்க, மெதுவாக் கழட்டுங்க" என்றாள். மெட்டி அதற்குள் என் உள்ளங்கையில் இருந்தது. சரி என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் காலைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

புண்ணைக் கழுவிக் கட்டியாயிற்று, இன்று காலையிலும் பார்த்தேன், மேலே பரவவில்லை. பத்தாம் நாள் திருநெல்வேலிக்குப் போய்க் காட்டிவிட்டு வருவோம், நீ லீவு போட்டுவிட்டு ஓடிவர வேண்டாம். ஒன்று மட்டும் மறக்காதே, தாய்க்கு இருந்தால் மகளுக்கும் வரலாம் என்று டாக்டரம்மா சொன்னார், இந்த வாரமே ரத்தம் கொடுத்துப் பார். டாக்டர் கேட்பதற்கு நீயே வாய் திறந்து பதில் சொல், மாப்பிள்ளை நல்லவர்தான், இருந்தாலும் வெளியே நிற்கட்டும். சின்னவளுக்கு எங்கள் முத்தம். நீங்கள் மூன்று பேரும் குறையில்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
ச. சுந்தரபாண்டி