போத்தல் கழுத்துச் சிவப்புச் சீலை

09.03.1992, திங்கள்

தவக்காலத்துக்குக் கோபத்தை விடுவதாக நேர்ந்திருந்தேன். ஒரு கிழமைகூடத் தாங்கவில்லை.

காலையில் ஆஸ்பத்திரி ஆண்கள் வாட்டுக் கட்டிலொன்றின் கீழ் பீங்கான் பேசின் ஒன்று உடைந்து கிடந்தது. யாரோ கை தவறி விழுத்திவிட்டு உள்ளே தள்ளி மறைத்திருக்கிறார்கள். எங்கள் வேலையை மேற்பார்க்கிற ஓவசியர் பரமலிங்கம் அண்ணை எங்களைச் சுவரோரம் நிறுத்தி, "ஆர் செய்தது?" என்றார். அவருக்குத் தெரிந்த கேள்வி அது ஒன்றுதான். நான், அற்புதராணி, பராசக்தி மூவரும் நிலத்தைப் பார்த்தபடி நின்றோம். துப்புரவு வேலைக்கு வந்த நாளிலிருந்து எங்களிடம் இருக்கிற ஒரே சட்டம் இது: ஒருத்தியை ஒருத்தி காட்டிக் கொடுப்பதில்லை.

அவர் போன பிறகு அற்புதராணி மெதுவாக, "அது நான்தான்" என்றாள். எனக்கு வந்த கோபம்! உடைத்ததற்கல்ல. அந்த விளிம்பு ஒரு நோயாளியின் காலை வெட்டியிருந்தால்? நன்றாக ஏசிவிட்டேன். இயேசுவே, நாளையிலிருந்து பார்ப்போம்.

11.03.1992

இந்த ஆஸ்பத்திரியில் எல்லாமே சேலைன் போத்தலுக்குள்தான். இங்கே சாமான் வர அரசாங்கம் தடை போட்ட பிறகு வேறு போத்தல் எங்கே? குடிக்கிற கொதித்தாறின தண்ணீரும் அதற்குள், விளக்குக்கு மண்ணெண்ணெயும் அதற்குள், நிலம் துடைக்கக் கரைத்துத் தெளியவிட்ட பிளீச்சிங் தண்ணீரும் அதற்குள். மண்ணெண்ணெயை மணத்திலேயே பிடித்துவிடலாம். பிளீச்சிங் தெளிவு மட்டும் பார்க்கப் பச்சைத் தண்ணீர் போலவே இருக்கும். மணக்காதா என்றால், கிணற்றுக்கும் அதுதான் போடுகிறார்கள், நிலத்துக்கும் அதுதான். எங்கள் மூக்கு எப்போதோ செத்துவிட்டது.

அதனால் பராசக்தி தன் பழைய சிவப்புச் சேலையைக் கிழித்துப் பிளீச்சிங் போத்தல்களின் கழுத்தில் கட்டி வைத்திருக்கிறாள். சிவப்பு இருந்தால் குடிக்காதே, இல்லாவிட்டால் குடி. நல்ல புத்தி. எனக்கு வராமல் போனதில் கொஞ்சம் பொறாமைகூட.

12.03.1992

இன்றைக்கு ஒரு பிழை செய்துவிட்டேன்.

யாகப்பு அப்பு தண்ணீர் கேட்டார். எங்கள் குருநகர் ஆள், காய்ச்சலோடு ஆண்கள் வாட்டில் கிடக்கிறார். ஆண்கள் வாட்டுக்கும் குழந்தைகள் வாட்டுக்கும் நடுவிலுள்ள விறாந்தை மேசையில் இருந்து ஒரு போத்தலை எடுத்தேன். கழுத்தைப் பார்த்தேன். பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன். சீலை இல்லை. கோப்பையில் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் விழுங்கியவர் மற்றதைத் துப்பினார்.

"எடி பிள்ளை, என்னத்தையடி தந்தனீ? தொண்டை எரியுது!"

நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்தேன். பிளீச்சிங்.

அதற்குப் பிறகு நான் யோசிக்கவில்லை. "மிஸ்ஸி, அப்புக்குப் பிளீச்சிங் தண்ணி குடுத்திட்டன்!" என்று வாட்டு அதிரக் கத்திக்கொண்டு தாதியிடம் ஓடினேன். மிஸ்ஸி வாயைக் கொப்பளிக்க வைத்தா. டொக்டர் வந்தார். பால் பருக்கினார்கள். குழந்தைகள் வாட்டில் தன் பிள்ளைக்கு வைத்திருந்த பாலை ஒரு தாய் தூக்கிக் கொடுத்தாள்.

"உடனை சொன்னபடியால் நல்லது, இரவைக்குப் பாப்பம்" என்று டொக்டர் சொன்னார். இரவைக்கு என்ன பார்க்கப் போகிறார்? மாதாவே, அந்த மனிசனுக்கு ஒன்றும் வரக்கூடாது.

13.03.1992

அப்பு கஞ்சி குடித்தார்! நான் வாசலில் நின்று எட்டிப் பார்த்ததைக் கண்டுவிட்டார். "வா, வா. இண்டைக்கு என்ன தரப்போறாய், மண்ணெண்ணெயோ?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. தொண்டை கொஞ்சம் புண், வேறொன்றும் இல்லையாம்.

ஆனால் மற்றது முடியவில்லை. ஓவசியர் வந்து, "திங்கட்கிழமை பெரிய மிஸ்ஸி மேற்றன்ரை அறையிலை எனக்கு ஒரு பேர் வேணும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஒரு பேர். போத்தலை நிரப்பி மேசைக்குப் பக்கத்தில் வைத்தது பராசக்தி. அவள் இன்னும் தற்காலிக வேலையில்தான். வருகிற மாதம் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பனையால் விழுந்த புருஷன் பாயில் கிடக்கிறான், வீட்டில் அடுப்பு எரிவது இவள் வேலையால்தான். பேர் போனால் வேலை போய்விடும்.

"நான் கட்டினனான் அக்கா. கட்டாமல் ஒரு போத்தலும் வைக்கேல்லை" என்று அழுதாள்.

அவளைத் தேற்றினேன். மனதுக்குள் நம்பவில்லை. சீலை என்ன, காலா முளைத்து நடந்து போகும்?

14.03.1992

அற்புதராணி ஒரு வழி சொல்கிறாள். "ஆரோ பாக்க வந்த சனம் போத்தலை மாத்தி வைச்சிட்டுதெண்டு மூண்டு பேரும் ஒரே கதையாச் சொல்லுவம். ஆரையெண்டு தேடப் போகினம்?" பிறகு என் பக்கம் திரும்பி, "நீ அண்டைக்கு அப்பிடிக் கத்தாமல் இருந்திருந்தால் உந்தக் கரைச்சலே இல்லை" என்றாள்.

கத்தாமல் இருந்திருந்தால் அந்த மனிசனுக்குப் பால் யார் கொடுத்திருப்பது? வாய் வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன். அவள் கெட்டவளில்லை. பராசக்திக்காகத்தான் அவளும் பார்க்கிறாள்.

மத்தியானம் முழுக்க இதே யோசனைதான். பொய் சொன்னால் பராசக்தி தப்பலாம். ஆனால் அந்தச் சீலை எப்படி இல்லாமல் போனது என்று யாருக்கும் தெரியாது. மேசை அதே இடத்தில், போத்தல்களும் அதே மாதிரி. அடுத்த முறை குழந்தைகள் வாட்டுப் பிள்ளை ஒன்று கேட்கும், நான்தான் ஊற்றிக் கொடுப்பேன். உண்மையைச் சொன்னால் பராசக்தி போய்விடுவாள். நான் என்ன செய்ய?

15.03.1992, ஞாயிறு

கோயிலால் வந்து நேரே பராசக்தி வீட்டுக்குப் போனேன். "நீ கட்டினது உண்மையெண்டால் அதை அப்பிடியே சொல்லு. நான் பாத்ததை நான் சொல்லுறன். ஒருத்தற்றை தலையிலையும் போடாமல், நடந்ததை நடந்தபடி சொல்லுவம். உன்னை வேலையாலை நிப்பாட்டினால் நானும் நிக்கமாட்டன்" என்றேன்.

கடைசி வசனம் வீறாப்பு. வீட்டுக்கு வந்து என் புருஷன் கனிசியஸிடம் சொன்னபோது அவர் வலைக் கயிற்றைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மீன்பிடித் தடையால் கடலுக்கு இறங்க முடியாமல் இருக்கிற மனிசன். இருந்தும், "சொல்லிப்போட்டாய்தானே, இனிச் செய்" என்றார்.

16.03.1992, திங்கள்

எழுதாமல் இருக்க முடியவில்லை. சந்தோஷம்.

மேற்றன் குணலட்சுமி அம்மாவின் அறையில் மூவரும் நின்றோம். ஓவசியர் தொடங்கினார்: "ஆர் செய்த—"

மேற்றன் கையைக் காட்டி அவரை நிறுத்தினா. "ஆரெண்டு பிறகு பாப்பம், பரமலிங்கம். முதல் எப்பிடி நடந்ததெண்டு கேப்பம்."

பராசக்தி முதலில் சொன்னாள். நான் நிரப்பினனான், சீலை கட்டினனான், வாளிக்குப் பக்கத்திலை நிலத்திலை வைச்சனான் என்று. அப்போதுதான் அற்புதராணி வாயைத் திறந்தாள். நிலம் கழுவும்போது அந்தப் போத்தலைத் தூக்கி மேசையில் வைத்தது தான்தானாம். "சீலை அப்ப இருந்தது. நான் கண்டனான்." ஒரே கதையாகச் சொல்லுவோம் என்றவள் இவள்தான்! நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் சொன்னாள். பிறகு நான், எடுத்தபோது சீலை இல்லை என்றேன்.

அப்படியென்றால் நடுவில் எங்கே போனது? வந்து காட்டுங்கோ என்று மேற்றன் எங்களை விறாந்தைக்குக் கூட்டிப் போனா. மேசைக்குப் பக்கத்தில் நின்று நாங்கள் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருக்க, அன்று பால் கொடுத்த தாய் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டபடி நின்றாள். கொடிகாமத்து மகாதேவி. பிள்ளைக்கு நெருப்புக்காய்ச்சல். அவள் முகம் வெளுத்துப் போனது. சேலைத் தலைப்பை அவிழ்த்து ஒரு சின்ன முடிச்சை எடுத்து நீட்டினாள்.

சிவப்புச் சீலை.

"அம்மா, அது நான் அவிழ்த்தனான். அண்டைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் கூடிப்போச்சு. மட்டுவில் கோயில் அம்மாளுக்கு நேர்ந்து காசு முடிய ஒரு துணி தேடினன், கிடைக்கேல்லை. துணியை நனைக்க மஞ்சளும் இல்லை. போத்தலிலை சும்மா கிடக்கிற துண்டுதானே, அம்மாளுக்கும் சிவப்பு உகந்ததுதானே எண்டு எடுத்தனான். அதுக்குள்ளை உப்பிடி ஒரு விசயம் இருக்கெண்டு ஆரும் எனக்குச் சொல்லேல்லை."

பராசக்தி குந்தியிருந்து அழத் தொடங்கினாள். நானும்தான். அவளை நம்பாமல் விட்டேனே என்று ஒரு அழுகை, நல்லவேளை என்று ஒரு அழுகை.

மகாதேவி முடிச்சை அவிழ்க்கப் போனாள். மேற்றன் தடுத்தா. "நேர்ந்ததை அவிழ்க்காதேங்கோ. பிள்ளை சுகமாகட்டும்." பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "ஒருத்தரும் வேலையாலை போகேல்லை. ஆனால் ஒரு துண்டுச் சீலையை நம்பி வாட்டு நடத்தேலாது. நீங்களே யோசிச்சுச் சொல்லுங்கோ" என்றா.

நாங்கள் ஒரே கதையாகச் சொல்லியிருந்தால் மகாதேவி வாயைத் திறந்திருப்பாளா? பார்க்க வந்த சனத்தின் தலையில் போட்டிருந்தால், பயத்தில் அந்த முடிச்சை இன்னும் இறுக்கி மறைத்திருப்பாள்.

18.03.1992

பிளீச்சிங் இனிப் போத்தலில் இல்லை. மண்பானையில், மூடியோடு, மேசையும் தண்ணீரும் இல்லாத பின்பக்கத்தில். அற்புதராணி யோசித்தது. அகப்பையால் அள்ளி நேரே வாளிக்குள் விட வேண்டும். பானையிலிருந்து யாரும் கோப்பைக்கு ஊற்ற முடியாது.

இன்னொன்று: காலையில் வேலை தொடங்க முன்னம் தேத்தண்ணீரோடு எல்லோரும் ஒன்றாக இருந்து, முதல் நாள் தவறினது, தவறப் பார்த்தது எல்லாம் சொல்ல வேண்டும். ஏச்சு இல்லை. ஓவசியருக்கு இது பிடிக்கவில்லை. "தேத்தண்ணி குடிக்க ஒரு சாட்டு" என்று முணுமுணுத்தார்.

23.03.1992

அற்புதராணி தானாகவே சொன்னாள், வாளியின் கைப்பிடி கழன்று வருகிறதென்று. விழ முன்னமே! பேசினை மறைத்தவள்!

26.03.1992

யாகப்பு அப்பு வீட்டுக்குப் போனார். "உன்ரை தண்ணியாலை என்ரை வயித்துப் பூச்சியெல்லாம் செத்துப்போச்சு" என்றார். போக்கிரிக் கிழவன். நல்லாயிருக்கட்டும்.

08.04.1992, புதன்

மகாதேவி வந்தாள். பிள்ளை தன் காலால் நடந்து வந்தது, கையில் ஒரு வடை. பங்குனித் திங்களுக்கு மட்டுவிலில் பொங்கி, காசை உண்டியலில் போட்டு நேர்த்தியைத் தீர்த்துவிட்டாளாம். வாழையிலையில் பொங்கல் கொண்டுவந்தாள். தவக்காலம் என்று சாட்டுச் சொல்லாமல் நானும் தின்றேன்.

போகும்போது சிவப்புச் சீலையைத் தோய்த்து மடித்துப் பராசக்தியின் கையில் வைத்தாள். "இது உங்கடை வாட்டுச் சாமான்."

பராசக்தி அதால் தலைமயிரைக் கட்டிக்கொண்டு பின்னேரம் வரைக்கும் வேலை செய்தாள்.

30.04.1992

பராசக்திக்கு நிரந்தரம். இன்று வேறொன்றும் எழுத வேண்டாம்.

25.05.1992, திங்கள்

காலையில் தேத்தண்ணீருக்கு இருந்தபோது ஓவசியர் வந்தார். ஒருநாளும் வராத மனிசன். ஒரு வாங்குப் பலகையின் நுனியில் அமர்ந்து தொண்டையைச் செருமினார்.

"நேற்றுப் பின்னேரம் வாட்டுக்குச் சவுக்காரம் இல்லாமல் போனது... ஸ்ரோர்ப் பூட்டின்ரை திறப்பு என்ரை சட்டைப் பையிலை வீட்டை வந்திட்டுது."

அவ்வளவுதான் சொன்னார். காதெல்லாம் சிவந்துவிட்டது. எங்களுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அற்புதராணி பனங்கட்டித் துண்டொன்றை அவர் பக்கம் தள்ளினாள்.

பராசக்திதான் கேட்டாள், மரியாதையாக, அவருடைய குரலைப் போலவே கொஞ்சம் தடிப்பாக்கி: "ஆர் செய்ததெண்டு கேக்கேல்லை அண்ணை. எப்பிடி நடந்ததெண்டு சொல்லுங்கோ."

அவர்தான் முதலில் சிரித்தார். பிறகு சொன்னார். திறப்பு மாட்ட ஸ்ரோர்க் கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடிப்பதாக முடிவு செய்தோம். மத்தியானம் அவரே சுத்தியலோடு வந்து நின்றார், நான் ஆணியைப் பிடித்துக்கொண்டேன்.