திருப்பாத தகடு

அன்புள்ள தம்பி மனைவிக்கு, உன் நாத்தனார் எழுதுவது.

நலமா என்று உன்னைக் கேட்க எனக்கு வாயில்லை. உன் சின்னவள் நன்றாக இருக்கிறாள், அதை முதலில் எழுதிவிடுகிறேன். பள்ளிக்கூடம் போகிறாள். இரண்டு வேளை தானாகச் சாப்பிடுகிறாள், மூன்றாவது வேளைக்கு நான் தட்டோடு துரத்துகிறேன். தலையில் பேன் இருந்தது, எடுத்தாயிற்று. மேல் வரிசையில் ஒரு பல் விழுந்துவிட்டது. அப்பாவிடம் காட்ட வேண்டும் என்று அதைத் தீப்பெட்டிக்குள் போட்டு வைத்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நான் சொன்னதெல்லாம் உண்மைதான். புதன்கிழமை திடீர்க் காற்றில் தம்பியும் வக்கீலும் போன படகு சிக்கிக்கொண்டது, தேடுகிறார்கள் என்றேன். அதில் ஒரு பொய்யும் இல்லை. ஆனால் முழுசும் சொல்லவில்லை. நீ அழுகைக்கு நடுவே, “அண்ணி, நீங்க அங்க இருக்கீங்க, எனக்கு அது போதும். நீங்க பாத்துக்குவீங்க” என்றாய். அதற்குப் பிறகு மீதியைச் சொல்லாமலே போனை வைத்துவிட்டேன். சொல்ல வேண்டியதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். இது நாலாவது. நீ வேலை செய்யும் சலவைக்கூடத்தில் நின்றுகொண்டு இதைப் படிக்காதே. அறைக்குப் போய், உட்கார்ந்து படி.

நம் ஐஸ் கடைச் சுவரில் தகடுகள் தொங்குமே, நீயே எத்தனையோ முறை துடைத்திருக்கிறாய். படகுக்கு ஒரு தகடு, ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் சிவப்பு. ஒருவன் ஐஸ் ஏற்றிக்கொண்டு போனால் சிவப்பைத் திருப்பி வைப்போம். காலிப் பெட்டியைக் கொண்டுவந்து போட்டால் வெள்ளை. பெட்டி தொலையக் கூடாது என்பதற்காக நான் செய்த ஏற்பாடு அது. ஆள் தொலையக் கூடாது என்பதற்காக அல்ல. ஆனால் இந்தப் பதினாறு வருஷத்தில் எல்லோரும் அதையே படகுக் கணக்காக வைத்துக்கொண்டார்கள். துறைமுக ஆபீசில் இதற்கென்று ஒரு நோட்டு இருக்கிறது, அதில் யாரும் எழுதுவதில்லை. எத்தனை படகு வெளியே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டுமானால் எனக்குத்தான் போன் வரும். எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

செவ்வாய்க்கிழமை, ஐஸ் வாங்கினவர்களின் மீனை எடைபோட்டு எடுக்கும்போது, தம்பி கொண்டுவந்த மீனை மட்டும் நான் தள்ளிவிட்டேன். செவுளைத் தூக்கிப் பார்த்து, பத்துப் பேர் நிற்கும்போது, “இது நேத்து மீன், உரத்துக்குப் போடு” என்றேன். உன்னிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது, மீன் அவ்வளவு மோசமில்லை. வேறு எவன் கொண்டுவந்திருந்தாலும் இரண்டாம் தரத்தில் சேர்த்திருப்பேன். தம்பிக்கு ஒரு தராசு, ஊருக்கு ஒரு தராசா என்று யாரும் பேசிவிடக் கூடாது என்று அவனை மட்டும் ஒரு படி கீழே இறக்கினேன். நான் எப்போதும் அப்படித்தான். கடை நிமிர்ந்ததே அதனால்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. “உன் ஐஸே எனக்கு வேணாம்கா. நாளைக்கு பத்து மணிக்குள்ள துள்ளத் துள்ளக் கொண்டாந்து உன் தராசுல போடுறேன். அப்ப தூக்கிப் பாரு செவுளை” என்றான். அவனோடு போகிற வக்கீலைத் தெரியுமே உனக்கு, கோர்ட் வாசலை மிதிக்காதவன், வாதாடியே பேர் வாங்கினவன். அவன் கையைத் தூக்கி, “வழக்கு நாளைக்கு ஒத்திவைக்கப்படுது. அக்காவும் தம்பியும் தவறாம ஆஜராகணும்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

புதன்கிழமை விடிவதற்கு முன்னால் அவர்கள் இருவரும் படகுத்துறைப் பக்கமே வராமல், வடக்கே மணலில் இருந்தே படகைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். என் கண்ணில் படக் கூடாதென்றுதான். ஐஸ் எடுக்கவில்லை. அதனால் தகட்டை யாரும் திருப்பவில்லை.

அன்று காலையில் கடல் எண்ணெய் ஊற்றினது மாதிரி கிடந்தது. இருபத்திரண்டு படகு போனது. ஒன்பது மணிக்கு மேல் காற்று சுத்தமாக நின்றுவிட்டது. கடைக்குள் ஐஸ் உடைக்கிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது, அவ்வளவு அமைதி. வெளியே வந்து பார்த்தால் கரைப் பக்கமிருந்து மேகம் வருகிறது. கடலிலிருந்து வந்தால் படகில் இருக்கிறவன் பார்த்துவிடுவான். இது அவர்கள் முதுகுக்குப் பின்னால் வந்தது. கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, எதிர்க் கடையின் கூரைத் தகரம் பெயர்ந்து என் வண்டி மேல் விழுந்தது. மழை நேராக விழவில்லை, படுத்துக்கொண்டு வந்தது. முப்பதடி தள்ளி நிற்கிற லாரி தெரியவில்லை.

படகுகள் ஒவ்வொன்றாக வந்தன. மூன்றுக்கு எஞ்சின் நின்றுபோய் வேறு படகுகள் கட்டி இழுத்துவந்தன. ஒருவன் வலையை மொத்தமாக அறுத்துவிட்டு வந்திருந்தான். கரையில் இறங்கினதும் மண்ணில் உட்கார்ந்து சிரித்தான், நிறுத்தவே முடியவில்லை. ஒருவருக்கும் மீன் இல்லை. ஆனால் காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார்கள், பழக்கம். நான் ஒவ்வொரு தகடாகத் திருப்பினேன். இரண்டு மணிக்குக் கடைசிச் சிவப்பும் வெள்ளையானது.

அந்த நேரத்தில் துறைமுக ஆபீஸர் போன் செய்தார். ரோந்துக் கப்பல் ஒன்று வெளியே தேடிக்கொண்டிருக்கிறது, வடக்கே இன்னொரு ஊரிலும் படகுகள் மாட்டியிருக்கின்றன, அங்கேயும் போக வேண்டும் என்றார். “உங்க பக்கம் எல்லாம் வந்தாச்சாம்மா? நல்லா பாத்து சொல்லுங்க” என்றார். நான் சுவரைப் பார்த்தேன். நல்லாத்தான் பார்த்தேன். “எல்லாம் வந்தாச்சு சார். நீங்க கப்பலைத் திருப்பிக்கலாம்” என்றேன்.

இதுதான் உன்னிடம் சொல்லாமல் விட்டது.

தம்பி அன்றைக்கு வீட்டில் கோபித்துக்கொண்டு படுத்திருக்கிறான் என்று நினைத்தேன். மத்தியானம் சாப்பாடு கட்டி அனுப்பலாமா என்றுகூட யோசித்தேன். எத்தனை நாள்தான் முறுக்கிக்கொள்வான் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். அனுப்பியிருந்தால் பூட்டின வீட்டைப் பார்த்துவிட்டு ஆள் திரும்பி வந்திருப்பான். ஒரு மணிக்கே எனக்குத் தெரிந்திருக்கும்.

ஐந்து மணிக்கு வக்கீலின் மனைவி நனைந்துகொண்டே வந்து, “அக்கா, எங்க வீட்டுக்காரரு இங்க ஒதுங்கியிருக்காரா?” என்று கேட்டாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அவர் எதற்கு இங்கே வரப்போகிறார் என்றேன். “காலையில ரெண்டு பேரும் சேந்துதானே போனாங்க” என்றாள். நான் திரும்பி உன் புருஷன் தகட்டைப் பார்த்தேன். மற்றதைப் போலவே வெள்ளையாக இருந்தது.

கப்பலைத் திரும்ப அழைக்க ஆபீசுக்கு ஓடினேன். அது அதற்குள் வடக்கே போய்விட்டது, இருட்டில் ஒன்றும் செய்ய முடியாது, விடியட்டும் என்றார்கள். மேஜையைத் தட்டினேன், கத்தினேன், எனக்குத் தெரிந்த பெரிய மனிதர் பேரெல்லாம் சொன்னேன். ஆபீஸர் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. “நீங்க வீட்டுக்குப் போங்கம்மா” என்றார். இரண்டு மணிக்கு நான் பதில் சொன்னபோது பகல் வெளிச்சம் நாலு மணி நேரம் மீதி இருந்தது, அது என் வாயால் போயிற்று.

இன்றோடு ஒன்பது நாள். மறுநாளிலிருந்து கப்பல் ஐந்து நாள் தேடியது, பிறகு நிறுத்திக்கொண்டார்கள். நான் தினமும் நாலு படகை அனுப்புகிறேன். தெற்கே மூன்று துறைமுகங்களுக்கு நானே போய் வந்தேன். பெரிய கப்பல் ஏதாவது ஏற்றிக்கொண்டு போயிருக்கலாம், தூர தேசத்தில் இறக்கியிருக்கலாம், அப்படி நடந்ததுண்டு என்கிறார்கள். அதையும் விசாரிக்கச் சொல்லி எழுதிப்போட்டிருக்கிறேன். திங்கட்கிழமை நம் படகின் நீல டிரம் ஒன்று கிடைத்தது. வலைக்கு மிதப்பாகக் கட்டுவது. அதில் ஒரு முழம் கயிறு இருந்தது. பிய்ந்த கயிறு இல்லை, கத்தியால் அறுத்தது. வலையை அறுத்துவிட்டு ஓடப் பார்த்திருக்கிறார்கள் என்கிறான் ஒருவன். டிரம்மோடு தங்களைக் கட்டிக்கொண்டு மிதந்து, எங்கேயோ ஏறினதும் அறுத்திருக்கிறார்கள் என்கிறான் இன்னொருவன். எந்த மீனையும் தொட்டுப் பார்த்தால் அது எந்த நேரத்தில் வலையில் விழுந்தது என்று சொல்லிவிடுவேன். இந்தக் கயிற்றை நாலு நாளாகக் கையில் வைத்துப் பார்க்கிறேன், எனக்கு ஒன்றும் புரியவில்லை.

உன்னை வரவழைக்க, வெளிநாட்டு வேலைக்கு உன்னை அனுப்பின ஏஜெண்டிடம் மூன்று முறை போனேன். ஒப்பந்தம் முடிய எட்டு மாதம் இருக்கிறது, உடல் கிடைத்தால்தான் அவர்கள் விடுப்புக் கொடுப்பார்கள் என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னான். செருப்பைக் கழற்றினேன். பிறகு மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். நாளைக்கு மறுபடியும் அவனிடம்தான் போக வேண்டும்.

சின்னவளிடம், அப்பா எஞ்சின் ரிப்பேருக்காக வேறு ஊரில் தங்கியிருக்கிறார் என்று சொல்லி வைத்தேன். முதல் இரண்டு நாள் எந்த ஊர், எப்போ வருவார் என்று துளைத்தாள். இப்போது கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இங்கே ஒருவரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் சொன்ன பதிலால்தான் கப்பல் திரும்பியது என்று கரை முழுக்கத் தெரியும். நான் வந்தால் பேச்சை நிறுத்துகிறார்கள், வழிவிடுகிறார்கள், “சாப்டீங்களாக்கா” என்கிறார்கள். வக்கீலின் மனைவி தினமும் வந்து கடை வாசலில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருக்கிறாள். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிப்பதோடு சரி. நேற்று எனக்குத் தாங்கவில்லை. “மனசுல இருக்கிறதைக் கேட்டுடேன்டி, ரெண்டு அடிகூட அடி” என்றேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “உங்களை என்னக்கா கேக்கறது? நாளைக்கு அவரு வந்தா உங்ககிட்டதானே ஐஸ் வாங்கணும்” என்றாள்.

இவர்கள் எல்லோரும் என் ஐஸை நம்பி இருக்கிறவர்கள். கேட்க முடியாது. உனக்கு அந்தக் கட்டு இல்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வர எட்டு நாளாகும். வருகிற ஞாயிறு நீ கூப்பிடும்போதும் நான் இதைச் சொல்லமாட்டேன், எனக்கு என்னைத் தெரியும். அதற்கு அடுத்த ஞாயிறு, இதைப் படித்துவிட்டுக் கூப்பிடு. அழாதே. அண்ணி, பெரியவங்க என்றெல்லாம் பார்க்காதே. வாயில் வந்ததை எல்லாம் கேள். நான் போனை எடுத்துக்கொண்டு ஐஸ் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன். அந்தச் சுவர் தடிமன், நீ எவ்வளவு சத்தம் போட்டாலும் சின்னவளுக்குக் கேட்காது. கூப்பிடாமல் மட்டும் இருந்துவிடாதே.

நீங்கள் இருவரும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உன் நாத்தனார்.