சுவரைப் பார்த்து நின்றது

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா இப்போது நிற்கிறாள். பக்கவாதம் வந்ததிலிருந்து வலப்பக்கமே சாய்ந்தவள், ஆஸ்பத்திரிப் பயிற்சி அறையில் பலகைமேல் ஏறி, திரையில் ஓடும் பச்சைப் புள்ளியைப் பார்த்து நேராகிவிடுகிறாள். உடல் சாய்ந்தால் புள்ளியும் அந்தப் பக்கம் நகரும்.

வீட்டில் திரை இல்லை. அதனால் நான் எதிரே நின்றேன். அவள் சாய்ந்தால் முகத்தைச் சுளிப்பேன், நேரானால் சிரிப்பேன். யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்காத நான்தான்.

"உன் மூஞ்சிக்கு அந்த மிஷினே தேவல," என்று அம்மா கேலி செய்தாள்.

நேற்று பயிற்சியாளர் திரையை அணைத்தார். அம்மா உடனே என் முகத்தைத் தேடினாள். அவருக்குப் புரிந்துவிட்டது.

"நீ சுவரப் பாத்து நில்லும்மா. அவங்க தானா நிக்கணும்."

திரும்பிக்கொண்டேன்.

"போயிட்டியாடி?" என்றாள் அம்மா.

"இங்கதாம்மா இருக்கேன்."

"பதில் சொல்லாதம்மா. உன் குரலப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாங்க," என்றார் அவர்.

அம்மா மறுபடி கேட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. அவள் விழாமல் நின்றாள்.

அம்மா தானாக நின்றதும் என்னை அங்கே அழைத்து, விட்ட படிப்பைத் தொடரவைப்பதாக எழுதியிருந்தாய். இப்போதைக்கு அவளிடம் அந்தப் பேச்சை எடுக்காதே, அக்கா. வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை.

உன் தங்கை